200 மணி நேரம் பறந்தாச்சு... ஏர்லைன் வேலைக்கு 'மல்டி எஞ்சின்' நேரம் எவ்வளவு வேணும்? முழு விளக்கம்

பைலட் ஆக வேண்டும் என்று பிள்ளை சொன்னதும் வீட்டில் முதலில் வரும் கேள்வி, "மொத்தம் எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். பயிற்சிப் பள்ளியின் கட்டணப் பட்டியலைக் கையில் வாங்கினால் அதில் இரண்டு வரிகள் தனித்தனியாக இருக்கும். 'சிங்கிள் எஞ்சின் 185 மணி நேரம், மல்டி எஞ்சின் 15 மணி நேரம்' என்று போட்டிருப்பார்கள். இரண்டாவது வரியில் மணி நேரம் குறைவு. ஆனால் ஒரு மணி நேரத்துக்கான கட்டணம் முதல் வரியை விட ரொம்ப அதிகம்.

அந்த 15 மணி நேரம் எதற்கு? அது போதுமா, இல்லை இன்னும் வாங்க வேண்டுமா? அமெரிக்காவில் 1500 மணி நேரம் கேட்கிறார்களே, அது நமக்கும் பொருந்துமா? பயிற்சியை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்களும், பணம் கட்டும் முன் யோசிக்கும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மல்டி எஞ்சின் நேரம் என்றால் என்ன?

பைலட் பறக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய லாக் புக்கில் பதிவாகும். எந்த விமானம், எங்கிருந்து எங்கே, பகலா இரவா, தனியாகவா பயிற்சியாளருடனா என எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பத்திகள் உண்டு. அதில் இரண்டு அல்லது அதற்கு மேல் எஞ்சின் கொண்ட விமானத்தில் பறந்த நேரம்தான் 'மல்டி எஞ்சின் நேரம்'.

பயிற்சி தொடங்குவது செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில். மூக்கில் ஒரு ப்ரொப்பெல்லர், நான்கு இருக்கை. அடுத்த கட்டத்தில்தான் இரட்டை எஞ்சின் விமானம் வரும். டயமண்ட் டிஏ42, டெக்னாம் பி2006டி, பைப்பர் செனெக்கா, பைப்பர் செமினோல் ஆகியவை உலகம் முழுக்கப் பயிற்சியில் இருக்கும் இரட்டை எஞ்சின் விமானங்கள். உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் இருக்கும் மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமியில் டிஏ42 பயன்படுத்துகிறார்கள்.

ஏர்லைன்கள் ஏன் இதைக் கேட்கின்றன?

காரணம் எளிமையானது. நாம் பயணிக்கும் ஏர்பஸ் ஏ320, போயிங் 737, சின்ன நகரங்களுக்குப் போகும் ஏடிஆர் 72 எல்லாமே இரட்டை எஞ்சின் விமானங்கள். அதை ஓட்டப் போகிறவருக்கு இரண்டு எஞ்சின் பழக்கம் இருக்க வேண்டாமா?

இரண்டு எஞ்சினும் ஒழுங்காக ஓடும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. ஒன்று நின்றுபோனால்தான் விஷயமே இருக்கிறது.

ஒற்றை எஞ்சின் விமானத்தில் எஞ்சின் நின்றால் அடுத்து என்ன என்பதில் குழப்பம் இல்லை. மூக்கைத் தாழ்த்தி, வேகத்தைக் காப்பாற்றி, இறங்க இடம் தேட வேண்டும். இரட்டை எஞ்சின் விமானத்தில் இடது எஞ்சின் நின்றால், வலது எஞ்சின் மட்டும் முழு பலத்தோடு தள்ளும். விமானம் இடது பக்கமாகத் திரும்பப் பார்க்கும். மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துக்கொண்டால் வண்டி எப்படி ஒரு பக்கமாக இழுக்குமோ, அது போலத்தான். வாலில் இருக்கும் ரட்டரைக் காலால் மிதித்துத்தான் நேராக வைக்க முடியும்.

ரட்டருக்கு வேலை செய்யக் காற்று வேண்டும், அதாவது வேகம் வேண்டும். வேகம் ஒரு அளவுக்குக் கீழே போய்விட்டால், முழுசாக மிதித்தாலும் ரட்டரால் விமானத்தை நேராக வைக்க முடியாது. அந்தக் குறைந்தபட்ச வேகத்தை வேகமானியில் சிவப்புக் கோட்டால் குறித்திருப்பார்கள். அதற்கு மேலே ஒரு நீலக் கோடு இருக்கும். ஒரு எஞ்சினோடு அதிகபட்சமாக மேலே ஏறக்கூடிய வேகம் அது. மல்டி எஞ்சின் பயிற்சி முழுக்க இந்த இரண்டு கோடுகளைச் சுற்றித்தான் நடக்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இரண்டில் ஒரு எஞ்சின் போனால் பாதி பலம் போச்சு, பாதி மிச்சம் என்று தோன்றும். சின்ன இரட்டை எஞ்சின் விமானத்தில் உண்மை அப்படி இல்லை. விமானத்தைக் காற்றில் நிறுத்தி வைக்கவே பலத்தின் பெரும் பகுதி செலவாகிவிடும். அதற்கு மேல் மிஞ்சுவதுதான் ஏறப் பயன்படும். அதனால் ஒரு எஞ்சின் நின்றால் ஏறும் திறனில் 80 சதவீதத்துக்கும் மேல் காணாமல் போய்விடும். உடல் சூடான வெயில் நாளில், முழு எடையோடு என்றால் ஏறவே ஏறாமலும் போகலாம்.

'எந்த எஞ்சின்?' - இந்தக் கேள்வியில் தப்பினால்...

எஞ்சின் நின்றதும் பைலட் முதலில் விமானத்தை நேராக வைக்க வேண்டும். அடுத்து எந்த எஞ்சின் என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அதுதானா என்று சரிபார்த்து, கடைசியாகத்தான் அதை அணைத்து, ப்ரொப்பெல்லர் காற்றை எதிர்க்காதபடி இதழ்களைத் திருப்பி வைக்க வேண்டும். கேட்கச் சுலபமாகத் தெரியும். பதற்றத்தில் இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் சாட்சி இருக்கிறது.

2015 பிப்ரவரி 4-ம் தேதி தைவான் தலைநகர் தைபேயில் டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் 72 விமானம் கிளம்பிய சில நிமிடங்களில் ஆற்றில் விழுந்தது. 58 பேர் இருந்தார்கள். 43 பேர் இறந்தார்கள். விசாரணையில் தெரிய வந்தது இதுதான்: பலம் இழந்தது வலது எஞ்சின், பைலட் அணைத்ததோ நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது எஞ்சினை.

அதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்பே, 1989 ஜனவரி 8-ம் தேதி இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே போயிங் 737 விமானம் ஒன்று விழுந்து 47 பேர் இறந்தார்கள். அங்கேயும் பழுதில்லாத எஞ்சின்தான் அணைக்கப்பட்டது.

ஆக, மல்டி எஞ்சின் நேரம் வெறும் எண்ணிக்கைக்காக அல்ல. எஞ்சின் நிற்கும் அந்தச் சில நொடிகளில் கை அவசரப்படாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

இந்தியாவில் விதி என்ன சொல்கிறது?

இந்தியாவில் லைசென்ஸ் தருவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ. கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் எனப்படும் சிபிஎல் வாங்கக் குறைந்தபட்ச வயது 18. பிளஸ் 2-வில் இயற்பியல், கணிதம் படித்திருக்க வேண்டும். முதல் வகுப்பு மருத்துவத் தகுதி வேண்டும். அதோடு மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த 200-க்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது:

• விமானத்தின் பொறுப்பு பைலட்டாக (பிஐசி) குறைந்தது 100 மணி நேரம். இதில் 15 மணி நேரம் கடைசி 6 மாதத்துக்குள் இருக்க வேண்டும்.

• பிஐசி-யாக ஊர் விட்டு ஊர் போகும் கிராஸ் கன்ட்ரி 20 மணி நேரம். இதில் 300 நாட்டிகல் மைலுக்குக் குறையாத ஒரு பயணம், வழியில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏறியதாக இருக்க வேண்டும்.

• கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் நேரம் 10 மணி. இதில் 5 மணி நேரம் வரை சிமுலேட்டரில் செய்யலாம்.

• இரவில் 5 மணி நேரம், 10 டேக்-ஆஃப், 10 லேண்டிங்.

இந்தப் பட்டியலைக் கவனித்தீர்களா? மல்டி எஞ்சின் என்ற வார்த்தையே இதில் இல்லை. ஒற்றை எஞ்சினில் மட்டும் 200 மணி நேரம் பறந்தும் சிபிஎல் வாங்கலாம். ஆனால் அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு ஏர்லைன் வாசலில் நின்றால் உள்ளே விட மாட்டார்கள். மல்டி எஞ்சின் ரேட்டிங், அதிலேயே எடுத்த இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இரண்டும் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். அதனால்தான் பள்ளிகள் 185-உடன் 15 சேர்த்து 200 ஆக்கித் தருகின்றன.

இந்த 200 மணி நேரமும் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 5 ஆண்டுகளுக்குள் பறந்ததாக இருக்க வேண்டும். பாதியில் பணம் இல்லாமல் நிறுத்தி, பல வருடம் கழித்துத் தொடர்கிறவர்களுக்குப் பழைய மணி நேரங்கள் கை கொடுக்காமல் போவது இதனால்தான்.

ஒரு மணி நேரத்துக்கு ஏன் இவ்வளவு பணம்?

முதல் காரணம் எரிபொருள். செஸ்னா 172 ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 30 முதல் 35 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். இது நாம் பைக்குக்குப் போடும் பெட்ரோல் இல்லை, ஏவிகேஸ் என்ற தனி வகை. இரண்டு எஞ்சினுக்கும் தலா 180 குதிரைத்திறன் கொண்ட பைப்பர் செமினோல் மணிக்குச் சுமார் 70 லிட்டர் வரை குடிக்கும். இந்தியாவில் ஏவிகேஸ் நீண்ட காலம் இறக்குமதியாகத்தான் வந்தது. 2022 செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் உள்நாட்டுத் தயாரிப்பை அறிமுகம் செய்தது.

எல்லா இரட்டை எஞ்சினும் இப்படி இல்லை. டிஏ42 ஜெட் எரிபொருளில் ஓடும் டீசல் வகை எஞ்சின் கொண்டது. டெக்னாம் பி2006டி-யில் தலா 100 குதிரைத்திறன் கொண்ட சின்ன ரோட்டாக்ஸ் எஞ்சின்கள். அதனால் எரிபொருள் செலவு குறையும்.

இரண்டாவது காரணம் பராமரிப்பு. எஞ்சின் இரண்டு, ப்ரொப்பெல்லர் இரண்டு, அதற்கேற்ப ஓவர்ஹாலும் இரண்டு. மடங்கும் சக்கரங்கள் வேறு. காப்பீட்டுத் தொகையும் கூடுதல்.

மூன்றாவது, எண்ணிக்கை. ஒரு பள்ளியில் ஒற்றை எஞ்சின் விமானம் பத்து இருந்தால், இரட்டை எஞ்சின் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அது பழுதாகி ஷெட்டில் நின்றால் மாணவர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான். இந்தக் காத்திருப்புக்கு இன்னொரு விலையும் உண்டு. 'கடைசி 6 மாதம்' என்று விதியில் வரும் மணி நேரங்கள் அதற்குள் காலாவதி ஆகிவிடும். மறுபடி பறக்க வேண்டும், மறுபடி பணம் கட்ட வேண்டும்.

அமெரிக்காவின் 1500 மணி நேர விதி எங்கிருந்து வந்தது?

2009 பிப்ரவரி 12-ம் தேதி இரவு. நியூயார்க் மாகாணத்தின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் 3407-ம் எண் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்து விமானம் எச்சரித்தபோது, மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதிலாகக் கேப்டன் தன் பக்கம் இழுத்தார் என்பது விசாரணையில் தெரிந்தது.

இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடின. 2010-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. 2013 ஆகஸ்ட் முதல் ஏர்லைனில் துணை பைலட்டாக உட்காரவே ஏடிபி எனப்படும் உயர் நிலை லைசென்ஸ் கட்டாயமானது. அதற்கு முன் 250 மணி நேர கமர்ஷியல் லைசென்ஸ் இருந்தாலே துணை பைலட் ஆகலாம்.

ஏடிபி-க்குத் தேவையானவை: மொத்தம் 1500 மணி நேரம், கிராஸ் கன்ட்ரி 500, இரவு 100, கருவி வழிப் பறப்பு 75, பிஐசி 250. இதோடு மல்டி எஞ்சின் 50 மணி நேரம். இந்த 50-ல் 25 மணி நேரம் வரை, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியின் பகுதியாக முழு சிமுலேட்டரில் செய்ததைக் கணக்கில் எடுக்கலாம். அதனால்தான் அமெரிக்காவின் சில சிறிய ஏர்லைன்கள் உண்மையான விமானத்தில் 25 மணி நேரம் இருந்தாலே விண்ணப்பத்தை ஏற்கின்றன.

எல்லோருக்கும் 1500 அல்ல. ராணுவ பைலட்டுகளுக்கு 750, விமானத் துறைப் பட்டப்படிப்போடு பயிற்சி முடித்தவர்களுக்கு 1000, இரண்டாண்டு பட்டத்தோடு முடித்தவர்களுக்கு 1250 என்று சலுகை இருக்கிறது. ஆனால் மல்டி எஞ்சின் நேரத்துக்கு இதில் தள்ளுபடி கிடையாது.

இந்த விதி பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. கோல்கன் விமானத்தின் இரண்டு பைலட்டுகளுமே 1500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள்தான். பிரச்சினை எண்ணிக்கையில் இல்லை, பயிற்சியின் தரத்திலும் களைப்பிலும்தான் என்பது ஒரு தரப்பு. அனுபவத்துக்கு மாற்று இல்லை, விதியைத் தளர்த்தவே கூடாது என்பது இறந்தவர்களின் குடும்பங்களும் பைலட் சங்கங்களும் சொல்வது.

ஐரோப்பா வேறு வழியில் போகிறது. அங்கே சின்ன இரட்டை எஞ்சின் ரேட்டிங்குக்கான குறைந்தபட்சப் பறப்புப் பயிற்சி 6 மணி நேரம்தான். அதில் பாதிக்கு மேல், மூன்றரை மணி நேரம், ஒரு எஞ்சின் செயலிழந்த நிலைக்கான பயிற்சி. மற்றதை இரண்டு பைலட் சேர்ந்து வேலை செய்யும் பயிற்சியிலும் சிமுலேட்டரிலும் ஈடுகட்டுகிறார்கள்.

மல்டி எஞ்சின் நேரத்தை எப்படிச் சேர்க்கிறார்கள்?

1. மொத்தமாக வாங்குவது: 25 அல்லது 50 மணி நேரத்தை ஒரு தொகுப்பாகப் பள்ளியில் வாங்கிப் பறப்பது. வேகமாக முடியும், ஆனால் செலவு அதிகம். அமெரிக்காவில் இதற்கென்றே பள்ளிகள் இருக்கின்றன.

2. இருவராகச் சேர்ந்து பறப்பது: அமெரிக்க விதிப்படி, ஒரு பைலட் வெளியே தெரியாதபடி கண்ணுக்கு மேல் மறைப்பு போட்டுக்கொண்டு கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டினால், பக்கத்தில் இன்னொரு பைலட் கட்டாயம் இருக்க வேண்டும். அவருக்கு 'சேஃப்டி பைலட்' என்று பெயர். மறைப்பு போட்டிருக்கும் நேரத்தை இரண்டு பேருமே தங்கள் லாக் புக்கில் எழுதலாம். செலவைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் இருவருக்கும் மல்டி எஞ்சின் தகுதி இருக்க வேண்டும். கிளம்பும் முன்பே யார் பொறுப்பு பைலட் என்று பேசி வைக்க வேண்டும். டேக்-ஆஃப், லேண்டிங் நேரத்தை இருவரும் சேர்த்து எழுத முடியாது.

இது அமெரிக்கக் கணக்கு. எல்லா நாட்டிலும் அப்படியே செல்லும் என்று நினைக்க வேண்டாம். அங்கே இப்படிப் பறந்த நேரத்தை லாக் புக்கில் தனியாகத் தெரியும்படி குறித்து வைப்பது பின்னால் சிக்கலைத் தவிர்க்கும்.

3. பயிற்சியாளர் ஆவது: பணம் கட்டிப் பறப்பதற்குப் பதில் சம்பளம் வாங்கிப் பறக்கும் வழி. அமெரிக்காவில் மல்டி எஞ்சின் பயிற்சியாளர் ஆக, அந்த வகை விமானத்தில் பிஐசி-யாக 15 மணி நேரம் வேண்டும். மாணவருக்குச் சொல்லித் தர, அதே மாடல் விமானத்தில் 5 மணி நேரம் பிஐசி-யாகப் பறந்திருக்க வேண்டும். மாணவர் பணம் கட்டும் ஒவ்வொரு மணி நேரமும் பயிற்சியாளரின் கணக்கிலும் ஏறும். இந்தியாவிலும் துணைப் பயிற்சியாளர் ரேட்டிங் எடுத்துப் பள்ளிகளிலேயே வேலை செய்து நேரம் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

4. சின்ன நிறுவன வேலைகள்: வாடகை விமானம், சரக்கு, வான்வழி அளவைப் பணி, ஏர் ஆம்புலன்ஸ். இங்கே துணை பைலட்டாகச் சேர்ந்தால் சம்பளம் ஏர்லைன் அளவுக்கு இருக்காது. ஆனால் கிடைக்கும் மணி நேரம் உண்மையான வானிலையில், உண்மையான பொறுப்போடு கிடைப்பது.

சரி, இந்தியாவில் கூடுதலாக 50 மணி நேரம் வாங்கணுமா?

பெற்றோர் அதிகம் குழம்பும் இடம் இதுதான். அமெரிக்க விதியைக் காட்டி, "இன்னும் 35 மணி நேரம் மல்டி எஞ்சின் போட்டுக்கோங்க, வேலை உறுதி" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள்.

இந்தியாவில் துணை பைலட்டாகச் சேர ஏடிபிஎல் தேவையில்லை. சிபிஎல், மல்டி எஞ்சின் தகுதி, இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இருந்தால் போதும். 1500 மணி நேரம் தேவைப்படும் ஏடிபிஎல், கேப்டன் ஆகப் போகும்போதுதான் வரும். அந்த மணி நேரத்தை ஏர்லைனில் சம்பளம் வாங்கிக்கொண்டே சேர்த்துவிடலாம். ஏ320-ல் பறக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மல்டி எஞ்சின் நேரம்தானே.

அப்போ 200 மணி நேரத்தோடு நிற்பவருக்கும் ஏர்லைனுக்கும் நடுவே நிற்பது எது? பெரும்பாலும் இரண்டு விஷயம். ஒன்று, 'டைப் ரேட்டிங்'. குறிப்பிட்ட மாடல் விமானத்தை ஓட்டுவதற்கான தனிப் பயிற்சி. ஏ320-க்கு ஒன்று, 737-க்கு ஒன்று, ஏடிஆருக்கு ஒன்று. சிமுலேட்டரில் நடக்கும் இதற்கும் பல லட்சம் ஆகும். இரண்டு, ஏர்லைன் நடத்தும் எழுத்துத் தேர்வு, சிமுலேட்டர் சோதனை, நேர்காணல்.

கையில் இருக்கும் பணம் அளவானது என்றால், அதைக் கூடுதல் இரட்டை எஞ்சின் மணி நேரத்துக்குச் செலவழிப்பதா, இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கைக் காலாவதி ஆகாமல் வைத்துக்கொள்வதா, டைப் ரேட்டிங்குக்குச் சேர்த்து வைப்பதா என்று யோசிக்க வேண்டும். ஏர்லைனின் ஆள் எடுப்பு அறிவிப்பில் மல்டி எஞ்சின் நேரம் எவ்வளவு என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதே நல்லது. டைப் ரேட்டிங்கையும் வேலை உறுதி இல்லாமல் முன்கூட்டியே எடுத்து, மாடல் மாறிப் போய் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

தேவை இருக்கிறது என்பது உண்மைதான். 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களையும், இண்டிகோ 500 விமானங்களையும் வாங்க ஆர்டர் கொடுத்தன. ஆனால் அந்த விமானங்கள் பல ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். தவிர, உடனடியாகத் தட்டுப்பாடு வருவது அனுபவமுள்ள கேப்டன்களுக்குத்தான். புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் மாதக் கணக்கில், சில சமயம் வருடக் கணக்கில் காத்திருப்பதும் நடக்கிறது.

வெளிநாட்டில் பயிற்சி எடுத்தால்?

அமெரிக்கா, தென் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று போகிறவர்கள் நிறைய. வானிலை நன்றாக இருக்கும், விமானங்கள் அதிகம், சீக்கிரம் முடியும். ஆனால் திரும்பி வந்ததும் அந்த லைசென்ஸை இந்திய லைசென்ஸாக மாற்ற வேண்டும். அதற்கு டிஜிசிஏ தேர்வுகள், இந்திய மருத்துவத் தகுதி, திறன் சோதனை எல்லாம் உண்டு.

இங்கே ஒரு சின்னப் பொறி இருக்கிறது. அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்தால் 190 மணி நேரத்திலேயே கமர்ஷியல் லைசென்ஸ் கிடைக்கலாம். இந்தியாவில் 200 வேண்டும். கிளம்பும் முன்பே இந்திய விதியின் பட்டியலைப் பள்ளியிடம் கொடுத்து, ஒவ்வொரு வரியும் நிறைவேறும்படி திட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். ஊர் திரும்பிய பிறகு 'இரவு நேரம் குறையுது, பிஐசி குறையுது' என்று தெரிந்தால் இங்கே மறுபடி பறந்தாக வேண்டும்.

அங்கேயே இருந்து 1500 சேர்த்து அமெரிக்க ஏர்லைனில் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. மாணவர் விசா வேலை விசா அல்ல. எம்-1 விசாவில் படிப்பு முடிந்த பிறகு செய்முறைப் பயிற்சிக்குக் கிடைப்பது அதிகபட்சம் 6 மாதம். எஃப்-1 விசாவில் 12 மாதம். அதற்குள் பயிற்சியாளராக வேலை பார்த்து மணி நேரம் சேர்க்கலாம். ஏர்லைனில் நிரந்தரமாகச் சேர, நிரந்தரக் குடியுரிமை போன்ற வேலை அனுமதி இல்லாமல் வாய்ப்பு மிகக் குறைவு.

உள்ளூரிலும் வாய்ப்பு கூடிவருகிறது. 2022-ல் இந்திய விமான நிலையங்கள் ஆணையம் பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கிய ஐந்து விமான நிலையங்களில் சேலமும் ஒன்று.

லாக் புக்கில் பொய் எழுதினால்?

மணி நேரத்துக்கு விலை இருக்கிறது என்றால், பறக்காத மணி நேரத்தை எழுதித் தரவும் ஆள் வருவார்கள். 'பேனா மணி நேரம்' என்று இதைக் கிண்டலாகச் சொல்வார்கள். விமானம் ஷெட்டில் நிற்கும், லாக் புக்கில் மட்டும் பறந்துகொண்டிருக்கும்.

2011-ல் இந்தியாவில் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து லைசென்ஸ் வாங்கியதாகப் பைலட்டுகள் கைது செய்யப்பட்டு, நாடு முழுக்க ஆவணச் சோதனை நடந்தது. 2020-ல் பாகிஸ்தானில் நூற்றுக்கணக்கான பைலட்டுகளின் லைசென்ஸ் சந்தேகத்துக்குரியது என்று அந்நாட்டு அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். அதைத் தொடர்ந்து பாகிஸ்தான் இன்டர்நேஷனல் ஏர்லைன்ஸ் ஐரோப்பாவுக்குப் பறக்கவே தடை விதிக்கப்பட்டது.

இப்போது டிஜிசிஏ-வின் இ-ஜிசிஏ தளத்தில் மின்னணு லாக் புக் வந்துவிட்டது. விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேடு, எரிபொருள் கணக்கு, விமானக் கட்டுப்பாட்டு நிலையப் பதிவு எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பொய் மணி நேரம் பிடிபட்டால் லைசென்ஸ் போகும், வழக்கும் வரும். பிடிபடாமல் போனால் இன்னும் மோசம். எஞ்சின் நிற்கும் நாளில் அந்த மணி நேரம் கையில் இருக்காது.

பணம் கட்டும் முன் பள்ளியிடம் கேட்க வேண்டியவை

• இரட்டை எஞ்சின் விமானம் எத்தனை இருக்கிறது? இன்று பறக்கும் நிலையில் இருப்பது எத்தனை? (ஷெட்டுக்குப் போய்க் கண்ணால் பார்ப்பது உத்தமம்.)

• ஒரு இரட்டை எஞ்சின் விமானத்துக்கு எத்தனை மாணவர்கள்? சராசரியாக எத்தனை மாதம் காத்திருக்கிறார்கள்?

• 15 மணி நேரத்தில் பயிற்சியாளருடன் எவ்வளவு, சிமுலேட்டரில் எவ்வளவு, கருவி வழிப் பறப்பு எவ்வளவு?

• மல்டி எஞ்சின் பயிற்சியாளர் நிரந்தரமாக இருக்கிறாரா, அவ்வப்போது வந்து போகிறாரா?

• எரிபொருள் விலை ஏறினால் கட்டணமும் ஏறுமா? பறக்காத மணி நேரத்துக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா? இதை எழுத்தில் வாங்குங்கள்.

• பள்ளிக்கு டிஜிசிஏ அனுமதி இப்போது செல்லுபடியாகுமா?

15 மணி நேரமோ 50 மணி நேரமோ, எப்படிப் பறப்பது?

நேராக மேலே போய், ஆட்டோ பைலட்டைப் போட்டுவிட்டு ஊர் சுற்றி வந்தாலும் மணி நேரம் ஏறும். ஆனால் ஏர்லைனின் சிமுலேட்டர் சோதனையில் பத்தே நிமிடத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும். டேக்-ஆஃப் முடிந்ததும் ஒரு எஞ்சினைக் குறைப்பார்கள். அப்போது கால் தானாக மிதிக்கிறதா, கண் வேகமானியில் இருக்கிறதா, எந்த எஞ்சின் என்று சத்தமாகச் சொல்லிச் சரிபார்க்கிறாரா என்றுதான் பார்ப்பார்கள்.

அதனால் ஒவ்வொரு முறை ஏறும்போதும் ஒரு வேலையை முடிவு செய்துகொண்டு ஏறுவது நல்லது. இன்றைக்கு ஒற்றை எஞ்சினில் கருவி வழி இறக்கம். நாளைக்கு ஓடுபாதையிலேயே எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்ற பயிற்சி. அடுத்த நாள் பாதுகாப்பான உயரத்தில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, சிவப்புக் கோட்டை நெருங்கும்போது விமானம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது. இந்தக் கடைசிப் பயிற்சியைத் தனியாகவோ தாழ்வாகவோ செய்யவே கூடாது. தரையில் உட்கார்ந்து, இன்ஜின் ஓடாத விமானத்தில் கையை மட்டும் வைத்து அந்த வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பதற்கு ஒரு ரூபாய் கூட செலவில்லை.

சுருக்கமாக...

இந்தியாவில் ஏர்லைன் வேலைக்குத் தேவையான அடிப்படை: 200 மணி நேரம், அதற்குள் அடங்கிய மல்டி எஞ்சின் பயிற்சி, செல்லுபடியாகும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். அமெரிக்காவில் 1500, அதில் மல்டி எஞ்சின் 50. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு தேவையில்லாத மணி நேரத்துக்கு வீட்டை அடமானம் வைக்க வேண்டாம். வாங்கிய மணி நேரத்தில் ஒன்றைக் கூட வீணாக்கவும் வேண்டாம். பின்னால் உட்கார்ந்திருக்கும் 180 பேருக்கு உங்கள் லாக் புக்கில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று தெரியாது. எஞ்சின் நின்றால் எதை அணைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.